பட்டுப்பாதையை வரைபடத்தில் போடுவது எப்படி: முதலில் தண்ணீர், கடைசியில் கோடு

பட்டுப்பாதை என்று தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. சியானில் ஒரு தடித்த சிவப்புக் கோடு கிளம்பும், எங்கும் நிற்காமல் மத்தியதரைக் கடலில் போய் முட்டும். அப்படி ஒரு சாலை இருந்ததே இல்லை. பெயரும் பழசல்ல. 1877-ல் ஜெர்மன் புவியியலாளர் ஃபெர்டினாண்ட் வான் ரிக்ட்ஹோஃபென் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. அங்கே ஒட்டகம் ஓட்டியவனுக்கு வேண்டியிருந்தது அடுத்த கிணறும் அடுத்த சந்தையும்தான். உங்கள் வரைபடமும் அந்த வரிசையிலேயே வளர வேண்டும்: தண்ணீர், ஊர், நாள், சுமை, காலம். கோடு எல்லாவற்றுக்கும் பிறகு.

தேவையானவை

நிலத்தோற்றம் மட்டும் காட்டும் வரைபடம் ஒன்று, குறைந்தது ஏ3 அளவில். வடக்கு 25 முதல் 50 பாகை, கிழக்கு 30 முதல் 115 பாகை வரை அடங்க வேண்டும். மலை, ஆறு, மணல் தெரிந்தால் போதும். இன்றைய எல்லைகளும் நெடுஞ்சாலைகளும் அதில் இருக்கக் கூடாது. மேலே வைக்க நான்கு டிரேசிங் தாள், பென்சில், மூன்று நிற மை, ஒரு முழ நூல்.

நெடுஞ்சாலை ஏன் கூடாது? தக்லமகான் பாலைவனத்தின் நடுவே வடக்கு தெற்காக ஒரு தார்ச்சாலை போகிறது. 1995-ல் எண்ணெய் வயல்களுக்காகப் போட்டது. அது கண்ணில் பட்டுவிட்டால் ‘இங்கேயும் ஒரு வழி இருந்திருக்கும்’ என்று கை தானாக ஒரு கோடு இழுத்துவிடும்.

1. தண்ணீரைக் குறியுங்கள்

தக்லமகானிலிருந்தே தொடங்குங்கள், கடினமான இடம் அதுதான். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 1,000 கி.மீ., வடக்கு தெற்காக 400 கி.மீ. மணல். வடக்கே தியான்ஷான், தெற்கே குன்லுன். இந்த மலைகளின் பனி உருகி வரும் ஆறுகளில் பல சிறிது தூரம் ஓடி மணலிலேயே செத்துவிடும். மலையடிவாரத்துக்கும் ஆறு சாகும் இடத்துக்கும் நடுவில் உள்ள பச்சைதான் ஊர். ஆகவே பாலைவனத்தைச் சுற்றி இரண்டு மணிமாலை கிடைக்கும். வடக்கே துர்ஃபான், கராஷார், குச்சா, அக்சு. தெற்கே மிரான், செர்ச்சென், நியா, கோத்தன், யார்க்கண்டு. இரண்டும் காஷ்கரில் வந்து சேரும்.

இங்கேதான் முதல் தவறு நடக்கும். இன்றைய ஊர் இருக்கும் இடத்தில் பழைய ஊருக்குப் புள்ளி வைத்துவிடுவார்கள். நியாவின் இடிபாடுகள் இன்றைய நியா ஊருக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி மணலுக்குள் கிடக்கின்றன. ஆறு பின்வாங்கியதால் ஊரும் மலைப்பக்கம் நகர்ந்தது. லௌலான் நகரத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. லோப் நோர் ஏரிப் பக்கத்தில் நீரோட்டம் மாறியதும் 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊரைக் கைவிட வேண்டியதாயிற்று. தெற்கு மாலையின் புள்ளிகளை அகழாய்வு நடந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து வையுங்கள். ஊர்ப் பெயரைத் தேடி வைக்காதீர்கள்.

கிழக்கே ஹெக்ஸி தாழ்வாரம் எளிது. தெற்கே கிலியான் மலைப் பனி, வடக்கே கோபி, இடையில் சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்கு ஒடுங்கிய நிலம். வூவெய், ஜாங்யே, ஜியூசுவான், துன்ஹுவாங் என்று ஹான் பேரரசு நிறுவிய நான்கு மாவட்டத் தலைநகரங்களை வைத்தால் வேலை முடிந்தது.

பாமிர் மலைக்கு மேற்கே ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சரஃப்ஷான் ஆற்றில் சமர்கந்தும் புகாராவும், முர்காப் ஆற்றில் மெர்வ். அப்புறம் ஈரான் பீடபூமி. வடக்கே அல்போர்ஸ் மலை, தெற்கே உப்புப் பாலைவனம், நடுவில் நிஷாபூர், ரே, ஹமதான். ஸாக்ரோஸ் மலையிறங்கினால் மெசொப்பொத்தேமியா. சிரியப் பாலைவனத்தில் பல்மைராவைத் தனியே வட்டமிடுங்கள். அங்கே ஊர் எழுந்ததற்குக் காரணம் எஃப்கா என்ற ஒரே ஊற்று.

2. ஒவ்வொரு புள்ளிக்கும் சாட்சி கேளுங்கள்

மூன்று நிற மை இதற்குத்தான். மண்ணிலிருந்து கிடைத்த எழுத்துச் சான்று உள்ள ஊருக்குக் கறுப்பு. பயணியோ வரலாற்றாசிரியரோ எழுதிவைத்ததால் மட்டும் தெரியும் ஊருக்கு நீலம். நாணயம், துணித்துண்டு போன்ற பொருள் மட்டும் கிடைத்த இடத்துக்குச் சிவப்பு.

கறுப்பு எப்படி இருக்கும் என்பதற்குச் சுவான்சுவான் நல்ல மாதிரி. துன்ஹுவாங் அருகே இருந்த ஹான் காலத்து அஞ்சல் நிலையம் அது. 1990 முதல் 1992 வரை தோண்டியபோது சுமார் 35,000 மரச்சீவல்கள் கிடைத்தன. அவற்றில் 23,000 அளவில் எழுத்து உள்ளவை. ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை லி (சீனத் தூர அளவு) என்ற பட்டியலும் அவற்றில் உண்டு. கி.மு. 39-ல் காங்ஜு நாட்டுத் தூதர்கள் கொடுத்த புகாரும் உண்டு: ஜியூசுவானில் எங்கள் ஒட்டகங்களை மதிப்பிட்ட அதிகாரிகள் கொழுத்ததை மெலிந்தது என்றும் வெள்ளையை மஞ்சள் என்றும் எழுதிவிட்டார்கள். விலையைக் குறைக்கச் செய்த வேலை. ‘தூதர்’ என்று எழுதப்பட்டவர்களில் பாதி வணிகம் செய்ய வந்தவர்கள்தானோ என்ற ஐயம் இதைப் படித்தால் வராமல் இருக்காது.

துர்ஃபானில் சான்று இன்னும் விநோதமாகக் கிடைத்தது. அஸ்தானா கல்லறைகளில் இறந்தவர்களுக்குக் காகிதத்தில் காலணியும் தொப்பியும் செய்து மாட்டியிருந்தார்கள். பழைய ஒப்பந்தத் தாளையும் கணக்குத் தாளையும் வெட்டிச் செய்தவை அவை. தையலைப் பிரித்தால் கடன் பத்திரம்.

சிவப்பு மை விஷயத்தில் அவசரம் வேண்டாம். சீனாவில் சசானியப் பாரசீக வெள்ளிக் காசுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அதனால் ஆயிரம் பாரசீகர்கள் அங்கே நடந்து போனார்கள் என்று ஆகிவிடாது. காசு கை மாறி மாறிப் போகும். ஒரே புதையலில் நூற்றுக்கணக்கில் கிடைத்தால் அது ஒரு நிகழ்ச்சிதான்; ஒரு சிவப்புப் புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள்.

3. தூரத்தை நாளாக மாற்றுங்கள்

பழைய ஏடுகள் தூரத்தைச் சீன லி, பாரசீகப் பரசாங், கிரேக்க ஸ்டேட் என்று சொல்லும். ஹான் காலத்து லி சுமார் 415 மீட்டர். பின்னால் வந்த தாங் வம்சத்து லி அதைவிட நீளம், 450 மீட்டர் என்று வைத்தால் பெரிய பிழை வராது. பரசாங் ஏறக்குறைய 5.5 கி.மீ., ஸ்டேட் 180 மீட்டர்.

ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தூரத்தை அளந்து எழுதவில்லை, நாளை எண்ணித் தூரமாக்கினார்கள். இதில் வரும் சறுக்கலுக்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. மாயஸ் டிட்டியானுஸ் என்ற வணிகனின் ஆட்கள் ‘கல்கோபுரம்’ என்ற இடத்திலிருந்து சீனத் தலைநகருக்கு ஏழு மாதப் பயணம் என்று சொல்லியிருந்தார்கள். டயர் நகரத்துப் புவியியலாளர் மரினுஸ் அந்த ஏழு மாதத்தையும் இடைவிடாத நடையாக எடுத்துக்கொண்டு 36,200 ஸ்டேட் என்று கணக்குப் போட்டார்; கிட்டத்தட்ட 6,500 கி.மீ. பின்னால் வந்த புவியியலாளர் தாலமி, வழி வளையும், புயல் வரும், ஆட்கள் தங்குவார்கள் என்று சொல்லி அதை அப்படியே பாதியாக வெட்டினார். காஷ்கரிலிருந்து சியானுக்கு நேர்க்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. தாலமியின் கத்திரி சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

அந்தக் கல்கோபுரம் எது என்று தாஷ்குர்கான், அலாய் பள்ளத்தாக்கு, ஓஷ் என மூன்று நான்கு இடங்களைச் சொல்கிறார்கள். துருக்கி மொழியில் தாஷ்குர்கான் என்றால் கல்கோட்டை. ஆனால் தாலமி காலத்தில் அங்கே துருக்கி மொழி இல்லை. ஆகவே பெயர்ப் பொருத்தத்தை நம்பி மை போடாதீர்கள், எல்லா இடத்திலும் பென்சில் வட்டம் போதும்.

நடை வேகத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் ஹெரோடோட்டஸ் தருகிறார். சார்டிஸிலிருந்து சூசாவுக்குப் போன பாரசீக அரசப் பெருவழி 450 பரசாங், 111 தங்குமிடம், 90 நாள் நடை. அதாவது நாளுக்கு 150 ஸ்டேட், 27 கி.மீ. சுமை ஏற்றிய ஒட்டகமும் மணிக்கு 4 கி.மீ. வீதம் நாளுக்கு 30 கி.மீ. போகும். எனவே சமவெளியில் 27 முதல் 30 வரை வையுங்கள். மலைக் கணவாயில் அதில் பாதி.

அளக்கும்போது அளவுகோலை நேராக வைக்காதீர்கள். நூலை நனைத்துப் பள்ளத்தாக்கின் வளைவோடு ஒட்டவைத்து, பிறகு எடுத்து நீட்டி அளந்துகொள்ளுங்கள். கிடைத்த நடை நாளோடு பாதியைத் தங்கலுக்காகக் கூட்டுங்கள். இரண்டு நாள் நடந்தால் ஒரு நாள் நிற்பது என்று பொருள். பேராசையான கணக்கு அல்ல இது. காஷ்கர், சியான் இடையே சாலைத்தூரம் 4,000 கி.மீ. அளவில் வரும்; நாளுக்கு 28 கி.மீ. என்றால் 143 நாள்; பாதியைக் கூட்டினால் 210-ஐத் தாண்டிக் கொஞ்சம். மாயஸின் ஆட்கள் சொன்ன ஏழு மாதம் அப்படியே வந்து உட்காருகிறது.

4. வழியின் ஒரு துண்டுக்காவது சுமைக் கணக்குப் போடுங்கள்

இதைச் செய்யாதவர்கள்தான் பாலைவனத்தின் நடுவே துணிந்து கோடு போடுகிறவர்கள். குவாஜௌவிலிருந்து ஹாமி வரை உள்ள மோஹேயான் பாலையை எடுத்துக்கொள்வோம். 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) தனியாளாகக் கடந்தபோது தண்ணீர்ப்பையைக் கீழே போட்டுவிட்டு நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு இல்லாமல் கிடந்த இடம். 800 லி என்று குறித்திருக்கிறார்கள், அதாவது 360 கி.மீ. நாளுக்கு 30 என்றால் 12 நாள்.

இருபது ஆள், அறுபது ஒட்டகம் உள்ள சாத்து (வணிகர் கூட்டம்) என்று வையுங்கள். சமையலோடு சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். 20 × 5 × 12 = 1,200 லிட்டர், 1,200 கிலோ. இரட்டைத் திமில் ஒட்டகம் ஒன்றுக்கு 150 கிலோ வீதம் எட்டு ஒட்டகம் தண்ணீருக்கே போய்விடும். சமாளிக்கலாம். இப்போது பத்துக் குதிரையைச் சேருங்கள். குதிரைக்கு நாளுக்கு 30 லிட்டர். 10 × 30 × 12 = 3,600 லிட்டர், இன்னும் 24 ஒட்டகம். அறுபதில் 32 தண்ணீர் சுமக்கிறது. தீவனத்தை இன்னும் எண்ணவே இல்லை. இலாபம் எங்கே? வழியில் உப்புக் கரிக்கும் கிணறாவது இரண்டு இருந்தால்தான் இந்தத் துண்டு கட்டுப்படியாகும். வரைபடத்தில் கிணறு இல்லாமல் ஐந்து நாளுக்கு மேல் நீளும் எந்தத் துண்டையும் புள்ளிக்கோடாக மட்டும் போடுங்கள்.

அடுத்து சரக்கு. துன்ஹுவாங் பக்கத்தில் கிடைத்த ஒரு பட்டுத் துண்டில் விவரம் மையால் எழுதியிருக்கிறது: அகலம் 2 அடி 2 அங்குலம், நீளம் 40 அடி, எடை 25 லியாங், விலை 618 காசு. ஹான் அடி 23 செ.மீ. என்பதால் இது அரை மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் உள்ள பாவு. எடை 350 கிராமுக்குச் சற்று மேல். ஓர் ஒட்டகம் 400 பாவு சுமக்கும். விலையைக் காசாகக் கொண்டுபோனால்? ஒரு வூஷூ செப்புக்காசு 3.25 கிராம் அளவில் இருக்கும். 618 காசு 2 கிலோ. 400 பாவின் விலை 2,47,200 காசு, 800 கிலோ. ஓர் ஒட்டகப் பட்டின் விலையைச் சுமக்க ஐந்து ஒட்டகம் போதாது. படைவீரர் சம்பளத்துக்குப் பட்டையே பணமாக அனுப்பியது ஏன் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. மேற்கே போன பட்டில் ஒரு பெரும்பங்கு வணிகச் சரக்காகப் போகவில்லை, எல்லைப் படைக்குப் போன சம்பளம். அந்தப் பங்கை ஹெக்ஸியிலும் தக்லமகானைச் சுற்றிய தாரிம் வடிநிலத்திலும் தடித்த கோடாகக் காட்டலாம்.

சரக்கு எப்படிக் கட்டப்பட்டது என்பதும் செலவை மாற்றும். கி.பி. 137-ல் பல்மைராவில் கிரேக்கத்திலும் அராமியத்திலும் கல்லில் வெட்டிய சுங்க விகிதம் இருக்கிறது. வாசனைத் தைலம் பளிங்குக் குப்பியில் வந்தால் ஒட்டகச் சுமைக்கு 25 தினாரியுஸ் (ரோம வெள்ளிக் காசு), ஆட்டுத்தோல் பையில் வந்தால் 13.

5. காலத்துக்கு ஒரு தாள்

எல்லாக் காலத்தையும் ஒரே தாளில் போட்டால் சிலந்திவலைதான் மிஞ்சும். முதல் தாள் ஹான் காலம். ஹான் தூதர் ஜாங் சியான் கி.மு. 138-ல் நூறு பேரோடு கிளம்பி, சியோங்னு என்ற வடக்குப் புல்வெளி நாடோடிகளிடம் பத்தாண்டு சிறைப்பட்டு, தோழன் ஒருவனோடும் மனைவியோடும் 126 வாக்கில் திரும்பியதிலிருந்து தொடங்கலாம். பாக்ட்ரியாவில் அவர் சிச்சுவான் மூங்கிலையும் துணியையும் சந்தையில் பார்த்தார். இந்தியா வழியாக வந்தது என்றார்கள். ஆகவே இந்தத் தாளில் தெற்கே ஒரு கிளை போட மறக்காதீர்கள். ரோம், பார்த்தியா, குஷாணம் மூன்றும் இதே தாளில் வரும்.

இரண்டாம் தாள் 4-ஆம் நூற்றாண்டு முதல் 755 வரை. இது சொக்தியர்களின் தாள். சமர்கந்து பக்கத்துக்காரர்கள். துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவற்கோபுரத்தில் 1907-ல் கிடைத்த அவர்களின் கடிதப்பை 313 வாக்கில் எழுதப்பட்டது, ஊர் போய்ச் சேரவே இல்லை. ஒன்று, சீனத் தலைநகர் லோயாங் எரிந்த செய்தியைச் சமர்கந்து முதலாளிக்குச் சொல்லும் முகவரின் கடிதம். இன்னொன்றில் துன்ஹுவாங்கில் கைவிடப்பட்ட மிவ்னாய் என்ற பெண், உனக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று கணவனைக் கிழிக்கிறாள். வரைபடத்துக்கு இவை முக்கியம், ஏனென்றால் எந்தெந்த ஊரில் முகவர் இருந்தார் என்று இவற்றில் தெரிகிறது. சீன அரசு இவர்களின் தலைவனுக்குக் கொடுத்த ‘சாபாவ்’ என்ற பட்டம் ‘சார்த்தவாக’ என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து சொக்தியம் வழியாகப் போனது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் அந்தச் சொல்தான்.

755-ல் ஆன் லூஷான் கலகம் வெடித்ததும் தாங் படை தாரிமிலிருந்து உள்நாட்டுக்கு அழைக்கப்பட்டது. படை போனதும் சம்பளப் பட்டும் நின்றது. அந்தத் தடித்த கோட்டை 755-ல் வெட்டிவிடுங்கள். மெல்லிய உள்ளூர்க் கோடுகள் மட்டும் தொடரட்டும்.

மூன்றாம் தாள் மங்கோலியர் காலம், 13-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டின் நடு வரை. வழி வடக்கே புல்வெளிக்கு ஏறிவிடுவதால் தாள் அகலமாக இருக்கட்டும். நான்காம் தாளை நூலில் எடுத்த அளவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. பெயர்க் குழப்பம்

இதில் விழாதவர் குறைவு. ‘அன்ஸி’ என்று ஹான் ஏட்டில் வந்தால் பார்த்தியா, ஈரான். ‘அன்ஸி’ என்று தாங் ஏட்டில் வந்தால் மேற்கை அடக்கிய ஆளுநரகம், தாரிம் வடிநிலத்தில் குச்சா. சீன எழுத்து வேறு, ஒலி ஒன்று. சீன எழுத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் பார்த்தால் புள்ளி 2,000 கி.மீ. தாண்டி விழும். இது போதாதென்று ‘ஆன்’ என்ற குடும்பப் பெயர் புகாராக்காரர்களுக்கு உரியது. தாச்சின் என்றால் ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதி. துன்ஹுவாங்கும் ஷாஜௌவும் ஒன்று. காவோசாங்கும் ஜியாவோஹேயும் இரண்டு தனி நகரங்கள், இரண்டையும் ‘துர்ஃபான்’ என்று ஒரே புள்ளியாக்கிவிடாதீர்கள்.

7. இப்போது கோடு

ஒவ்வொரு கோடும் ஒரு சந்தையிலிருந்து அடுத்த சந்தை வரை மட்டும். அங்கே பேனாவை எடுங்கள். சரக்கு அங்கே ஆள் மாறும், பெரும்பாலும் விலங்கும் மாறும்: மணலுக்கு ஒட்டகம், கணவாய்க்கு யாக், குதிரை, கழுதை. கோட்டின் மேல் நாளையும் விலங்கையும் எழுதுங்கள். கணவாய்க்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள், பனிக்காலத்தில் மூடிய கணவாயும் கோடையில் கடக்க முடியாத மணலும் அடுத்தடுத்து வந்தால் நடுவூரில் சாத்து மாதக்கணக்கில் காத்துக்கிடந்திருக்கும்.

முடித்ததும் மூன்றாம் தாளைச் சோதிக்க ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. ஃப்ளாரன்ஸ் நகரத்து பெகொலோட்டி 1340 வாக்கில் வணிகர்களுக்காகத் தொகுத்தது. அசோவ் கடல் முனையில் இருந்த தானாவிலிருந்து அஸ்த்ரகான் 25 நாள், மாட்டு வண்டி. குதிரை வண்டியானால் 10, 12 நாள். சராய்ச்சிக்கிலிருந்து உர்கெஞ்ச் 20 நாள், ஒட்டக வண்டி. உர்கெஞ்சிலிருந்து ஓத்ரார் 35, 40 நாள், அதே வண்டி. ஓத்ராரிலிருந்து அல்மாலிக் 45 நாள், அங்கிருந்து கான்ஜௌ (ஜாங்யேதான்) 70 நாள், இரண்டும் கழுதை மேல். உங்கள் நூல் அளவு இந்த நாட்களோடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினால், வழியை மலையின் தவறான பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்; சரிபாருங்கள்.

உர்கெஞ்ச் வளைவைக் கண்டு தவறு என்று திருத்திவிட வேண்டாம். சராய்ச்சிக்கிலிருந்து ஓத்ராருக்கு நேர்வழியும் உண்டு, 50 நாள்தான் என்று பெகொலோட்டியே சொல்கிறார். சரக்கு இல்லாதவன் அதில் போகலாம். சரக்கு உள்ளவன் ஐந்து பத்து நாள் கூடுதலானாலும் உர்கெஞ்ச் போவான், அங்கே விற்றுத் தீரும். இரண்டு கோடும் போடுங்கள், சுற்றுவழியைத் தடிப்பாக.